லித்தியம் நஞ்சாகிப்போன வழக்கில் 36 மாதக் கணக்கை எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் குலை வெட்டும் வேலை செய்தவர். எட்டு வருடமாக இருமுனை மனநோய்க்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் லித்தியம் 300 மில்லிகிராம் மாத்திரை, ராத்திரிக்கு மூன்று, கொடுத்துவந்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போனார். முதலில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். கடைசி ஒன்றேகால் வருடம் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு 46 வயது நடந்தபோது டவுனில் உள்ள பேனல் கிளினிக்கில் (முதலாளி ஏற்பாடு செய்த தனியார் கிளினிக்) ரத்த அழுத்தத்துக்குத் 'தண்ணி மாத்திரை' கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முட்டி வலிக்கு டைக்லோஃபெனாக் பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வாந்தி, பேதி, கை நடுக்கம். அதே கிளினிக்குக்கு இரண்டு தடவை போனோம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதி அனுப்பினார்கள். பிறகு பேச்சு குழறி, ஆளை எழுப்பவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் லித்தியம் அளவு 3.1 என்றார்கள். இரண்டு தடவை டயாலிசிஸ், 19 நாள் வார்டு. இன்றுவரை தள்ளாடித்தான் நடக்கிறார், கரண்டி பிடிக்க முடியவில்லை, பேச்சும் தெளிவில்லை. 2 வருடம் 4 மாதம் ஆகிவிட்டது. மனநோயாளி வழக்குப் போட முடியாது என்கிறார்கள் சிலர். ஒருவர் வந்து, பணம் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

வணக்கம் அம்மா. மருத்துவமனை, கிளினிக், மருத்துவர்கள் பெயர்களை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவர்கள் தரப்பை இன்னும் யாரும் கேட்கவில்லை.

முதலில் நாள் கணக்கு. உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த '2 வருடம் 4 மாதம்'தான். அரசு மருத்துவமனை மீதும் அங்கே பணிபுரிந்த மருத்துவர் மீதும் வழக்குப் போட மலேசியாவின் 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் காலம் 36 மாதம். தனியார் கிளினிக் மீது 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டு. ஒரே மனிதர், ஒரே பாதிப்பு, ஆனால் கெடு இரண்டு. கிளினிக் கணக்கை நினைத்துக்கொண்டு ஆறு வருடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால், அரசு மருத்துவமனை மீதான உரிமை இன்னும் சில மாதத்தில் போய்விடும்.

'எட்டு மாதம் மிச்சம் இருக்கிறதே' என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் கணக்குப் போட்டிருப்பது வார்டில் சேர்த்த நாளிலிருந்து. மனநலப் பிரிவு செய்த தவறு என்று நீங்கள் சொல்வது, ரத்தம் பார்க்காமல் மாத்திரைச் சீட்டு எழுதியது. அந்தக் கடைசிச் சீட்டு எழுதிய நாள் வார்டு நாளுக்கு ஓரிரு மாதம் முந்தியதாகவே இருக்கும். அதற்குப் பிறகும் பாதிப்பு தொடர்ந்தது என்று நாம் வாதாடலாம்; அரசுத் தரப்பு வழக்கறிஞர் அந்தச் சீட்டு நாளிலிருந்துதான் எண்ணுவார். ஆகவே நீங்களும் அங்கிருந்தே எண்ணுங்கள். மருந்து வாங்கும் சிறு புத்தகத்தில் அந்தத் தேதி இருக்கும்.

இன்னொரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் காலவரம்புச் சட்டத்தில் 6ஏ என்று ஒரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு கூடுதலாகத் தரும் பிரிவு அது. உடல் காயம் சம்பந்தப்பட்ட வழக்குக்கு அது பொருந்தாது. பாதிக்கப்பட்டவர் மனநிலை சரியில்லாதவராக இருந்தால் காலத்தை நிறுத்திவைக்கும் பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. உங்கள் கணவர் விஷயத்தில் அதை நம்பி உட்காரக் கூடாது. அவர் எட்டு வருடம் வேலை பார்த்தவர், சம்பளம் வாங்கியவர். அரசு வழக்குக்கோ தனிச் சட்டமே காலத்தை வகுத்திருக்கிறது. புகார்க் கடிதம் போட்டாலும், வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினாலும், மருத்துவமனை 'விசாரிக்கிறோம்' என்று பதில் எழுதினாலும் கடிகாரம் நிற்காது. நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானால் மட்டுமே நிற்கும்.

மனநோயாளி வழக்குப் போட முடியாது என்பது தவறு. மருத்துவர்களின் கவனக்குறைவை அளக்க மலேசிய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் அளவுகோலுக்குப் 'போலம் சோதனை' என்று பெயர். அந்தப் போலம் ஒரு மனநோயாளி. மனச்சோர்வுக்காக 1954-இல் லண்டன் ஃபிரையர்ன் மருத்துவமனையில் அவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை, கைகாலை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. வலிப்பின் வேகத்தில் இடுப்பெலும்பு இரு பக்கமும் உடைந்தது. 1957-இல் தன் பெயரிலேயே வழக்கு நடத்தினார். தோற்றுப்போனார், காரணம், அந்தக் காலத்தில் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் தசை தளர்த்தும் மருந்தை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று கருதினார்கள். வழக்குப் போட அவருக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் கணவர் நடந்ததைப் புரிந்துகொள்கிறாரா, வழக்கறிஞர் சொல்வதைக் கேட்டு 'சரி', 'வேண்டாம்' என்று முடிவு சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிகிறது என்றால் வழக்கு அவர் பெயரிலேயே நடக்கும். பேச்சு குழறுவதும் கையெழுத்து கோணுவதும் தடையல்ல, கைரேகை போதும். முடியாது என்றால் 2012 நீதிமன்ற விதிகளின் 76-ஆம் ஆணைப்படி நீங்கள் அவருடைய வழக்குப் பிரதிநிதியாக நிற்கலாம். அப்படி நிற்கும்போது வழக்கறிஞர் கட்டாயம். சமரசத்தில் முடித்தாலும் அந்தத் தொகைக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். எது என்று வழக்குப் பதிவுக்கு முன்பே ஒரு மனநல மருத்துவரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். தவறான ஆள் பெயரில் பதிந்து பிறகு திருத்தப் போனால் மாதங்கள் வீணாகும், உங்களுக்கு மாதம் பொன்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரைக் குற்றம் சொல்வது என்று முடிவு செய்ய முடியாது.

லித்தியம் நல்ல மருந்து. உங்கள் கணவரை எட்டு வருடம் வேலையில் நிறுத்தியது அதுதான். ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் குறிகள் தொடங்கும். 2-க்கு மேல் ஆபத்து. கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு மாற்றினால் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நிலைப்பட்ட பிறகும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை லித்தியம், 6 மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகமும் தைராய்டும்.

நம் உடம்பில் சிறுநீரகத்துக்கு லித்தியமும் உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். உப்பை வெளியே விட்டால் லித்தியத்தையும் விடும், உப்பைப் பிடித்துவைத்தால் இதையும் பிடித்துவைக்கும். தண்ணி மாத்திரை என்கிறீர்களே, அது ஹைட்ரோகுளோரோதையசைடாக இருந்தால் உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றும். சிறுநீரகம் பயந்துபோய் மிச்ச உப்பை இறுக்கிப் பிடிக்கும், லித்தியமும் கூடவே சேரும். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென், பொன்ஸ்தான் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மறுபடி லித்தியம் சேரும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் அந்தப் பட்டியல்தான். இதன் மேல் வெயிலில் குலை வெட்டி வேர்த்து ஊற்றுகிறவருக்கு வாந்தி பேதி வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நஞ்சு ஏறியதால் பேதி, பேதியால் நீர் வற்றல், நீர் வற்றியதால் மேலும் நஞ்சு. அந்த நேரத்திலும் இரவில் மூன்று மாத்திரை போய்க்கொண்டே இருந்தது.

இப்படி மெல்ல ஏறும் நஞ்சில் மூளையின் பின்பக்கச் சிறுமூளை அடிபடும். லித்தியத்தை நிறுத்தி 2 மாதம் கடந்தும் தள்ளாட்டமும் குழறலும் நடுக்கமும் நீடித்தால், திரும்பாத லித்தியம் நரம்புப் பாதிப்பு என்று மருத்துவ நூல்களில் தனிப் பெயரே இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் குறிகள் அதோடு ஒத்துப்போகின்றன. அதுதானா என்று நரம்பியல் நிபுணர் சொல்ல வேண்டும்.

ஆக மூன்று இடங்களில் கேள்வி எழுகிறது. மனநலப் பிரிவு ஒன்றேகால் வருடம் ரத்தம் பார்க்கவில்லை என்பது உண்மையா? கிளினிக் மருத்துவர் லித்தியம் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தும், அல்லது கேட்காமலே, இந்த இரண்டு மருந்தையும் கொடுத்தாரா? வாந்தியும் நடுக்கமும் சேர்ந்து வந்தபோது இரண்டு முறையும் எப்படிச் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவானது? நாலாவதும் ஒன்று இருக்கலாம்: மருத்துவமனைக்கு வந்த பிறகு டயாலிசிஸ் எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது? நினைவு மங்கிய நிலையில் வந்தவருக்கு லித்தியம் எண் என்னவாக இருந்தாலும் டயாலிசிஸ் செய்யப் பரிந்துரைப்பதுதான் 2015-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுப் பரிந்துரை.

சட்டம் இவற்றை ஒரே தராசில் நிறுக்காது. 2017-இல் ஜுல்ஹஸ்னிமார் வழக்கில் நமது கூட்டரசு நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை கொடுப்பதும் போலம் அளவுகோலுக்கு உட்பட்டவை: பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறையில் செய்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது, ஆனால் அந்தச் சாராரின் கருத்து அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அது பொருந்தாது. அங்கே 1992-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ரோஜர்ஸ் வழக்கின் அளவுகோல்: இந்த நோயாளி இந்த ஆபத்தைப் பொருட்படுத்துவாரா என்பதை நீதிமன்றமே பார்க்கும். 2006-இல் ஃபூ ஃபியோ நா வழக்கில் இதே நீதிமன்றம் அந்த வழிக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

இந்தப் பிரிவினை உங்களுக்கு முக்கியம். ரத்தம் பார்க்காதது சிகிச்சை விஷயம். அதற்கு ஒரு மனநல மருத்துவர் நிபுணராக வந்து, பொறுப்புள்ள எவரும் இப்படி விட்டிருக்க மாட்டார் என்று சொல்லியாக வேண்டும். சுகாதார அமைச்சே இருமுனை மனநோய்க்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சம்பவம் நடந்தபோது எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதை எடுத்து நிபுணர் முன் வையுங்கள். வழிகாட்டி சட்டமல்ல, ஆனால் அதிலிருந்து விலகியவர் ஏன் விலகினார் என்று பதில் சொல்ல வேண்டிவரும்.

'வலி மாத்திரை கண்டபடி சாப்பிடாதே, வாந்தி பேதி வந்தால் லித்தியத்தை நிறுத்திவிட்டு உடனே வா, தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்' என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் எந்த மொழியில்? இதை நான் அழுத்திக் கேட்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டுத்தாளை நீட்டியது ஆலோசனை ஆகாது. நோயாளிக்குப் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல என்று வலுவாக வாதாட இடம் இருக்கிறது. கூடவே நீங்கள் இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும்: சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி நடந்திருப்பார் என்று. எட்டு வருடம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டவர் என்பதற்கு மருந்துப் புத்தகமே சாட்சி. அதை பத்திரமாக வையுங்கள்.

கிளினிக் பக்கம் ஒரு கஷ்டமான கேள்வி காத்திருக்கிறது. லித்தியம் சாப்பிடுவதை அவர் அங்கே சொன்னாரா? தோட்டத்தில் 'பைத்திய மருந்து' என்று பெயர் வந்துவிடும், மண்டோர் (மேற்பார்வையாளர்) காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று மறைப்பவர்கள் ஏராளம். அப்படி மறைத்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வழக்கு அதோடு முடிந்துவிடாது. வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது மருத்துவரின் வேலை. கேட்டாரா என்பதற்கு கிளினிக் அட்டைதான் சாட்சி. கேட்டும் மறைத்தார் என்றால் 1956 சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். அதைவிட மோசம், 'சொன்னோம்' என்று சாட்சி சொல்லிவிட்டு அட்டையில் வேறு மாதிரி எழுதியிருப்பது. அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி நம்பத் தயங்குவார். குடிப்பழக்கம் இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பல வருடக் குடியும் சிறுமூளையைப் பாதிக்கும், எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். அதனால்தான் சம்பவத்துக்கு முன்னால் அவர் நேராக நடந்தார், பனை மரத்தடியில் நின்று நீளக் கழியைத் தூக்கி வெட்டினார் என்பதைக் காட்டும் தோட்டத்து வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் பொன்னுக்குச் சமம்.

ஆவணங்களைச் சேர்ப்பதை இந்த வாரமே தொடங்குங்கள். பலர் 'லாப்போரான் பெருபாத்தான்' எனும் மருத்துவ அறிக்கை ஒன்றை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு வருகிறார்கள். அது மருத்துவர் பிறகு உட்கார்ந்து எழுதும் ஒரு பக்கச் சுருக்கம். ரத்தம் பார்க்கவில்லை என்று அதில் யாரும் எழுதப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியது பதிவுகள். மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்கு மலாயில் எழுதும் விண்ணப்பத்தில் தெளிவாகக் கேளுங்கள்: முதல் நாளிலிருந்து மனநலப் பிரிவின் வருகைக் குறிப்புகள் அனைத்தும், லித்தியம், சிறுநீரகம், தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவுகள் எடுத்த தேதி நேரத்தோடு, மருந்தகம் மாத்திரை கொடுத்த பதிவு, அவசரப் பிரிவுக் குறிப்பு, வார்டு தாதியர் பதிவு, டயாலிசிஸ் பதிவு. ஒவ்வொரு சீட்டிலும் யார் கையெழுத்து என்பதும் தேவை. அரசு மீது வழக்குப் போடும்போது வெறுமனே 'மருத்துவமனை' என்று எழுதினால் போதாது. 1956 அரசாங்க வழக்குகள் சட்டப்படி அரசு பொறுப்பேற்பது அதன் ஊழியர் செய்த தவறுக்கு, ஆகவே அந்த ஊழியர் யார் என்று காட்ட வேண்டும். விண்ணப்பத்தோடு கணவரின் ஐ.சி. (அடையாள அட்டை) நகல், அவர் கைரேகை வைத்த அனுமதிக் கடிதம், உங்கள் திருமணச் சான்றிதழ் நகல் வையுங்கள். நேரில் கொடுத்து, இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்குத் தனிக் கடிதம். தனியார் என்பதால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் கட்டும். உங்கள் கணவரின் தகவலைக் கேட்டால் 21 நாளில் பதில் தர வேண்டும். அரசு மருத்துவமனையை அந்தச் சட்டம் கட்டாது. அங்கே இழுத்தடித்தால், வழக்குப் பதியும் முன்பே ஆவணங்களைக் காட்டச் சொல்லி உத்தரவு கேட்க நீதிமன்ற விதிகளின் 24-ஆம் ஆணை, 7ஏ விதி இருக்கிறது. அந்த மனுவுக்கே சில மாதம் பிடிக்கலாம் என்பதால் பதிலுக்குக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். பதிவுகள் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் இருப்பதை வைத்து வழக்கைப் பதிந்துவிட்டு மற்றதைப் பிறகு கேட்கலாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும், பேர் தேதி ஒட்டிய பிளாஸ்டிக் உறைகளையும் வீசிவிடாதீர்கள். கிளினிக் ரசீது, அந்த இரண்டு எம்.சி., கைத்தொலைபேசியில் உள்ள பழைய காணொளி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளிக் காணொளியில் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதுவே ஒரு சாட்சி. பிறகு ஒரு தாளில் தேதி வரிசையாக எழுதுங்கள்: எந்த நாள் எந்த மாத்திரை தொடங்கியது, எந்த நாள் முதல் வாந்தி, எந்த நாள் கிளினிக், எந்த நேரம் ஆம்புலன்ஸ். ஞாபகம் இல்லாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

அந்த 3.1 என்ற எண்ணின் மீதும் எதிர்த்தரப்பு கை வைக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி ஆகும் முன் ரத்தம் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். லித்தியம் ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்திருந்தால், குழாயிலிருக்கும் லித்தியமே சேர்ந்து பொய்யாக உயர்த்திக் காட்டும். ஆகவே மாதிரி எடுத்த நேரமும் குழாய் வகையும் ஆய்வகப் பதிவில் தேடப்பட வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்கள் வரிசையாக இறங்கியிருந்தால், முதல் எண் உண்மைதான் என்பதற்கு அதுவே பலம்.

ரத்தம் ஒன்றேகால் வருடம் எடுக்கவில்லை என்பது உங்கள் ஞாபகம். பதிவில் நடுவே ஒரு பரிசோதனை இருந்து, அது 0.7 என்று காட்டினால் மனநலப் பிரிவு மீதான வழக்கு வெகுவாக மெலிந்துவிடும். கிளினிக் மீதானது நிற்கும். மாறாக 1.2 என்று காட்டி யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் வழக்கு வலுக்கும். அதனால்தான் பதிவைப் பார்க்கும் முன் யார் மீது, எவ்வளவு என்று உறுதி சொல்லும் எவரையும் நம்பாதீர்கள் என்கிறேன்.

மூன்றில் ஒரு பங்கு கேட்கும் அந்த ஆளை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெற்றி பெற்றால் மட்டும் கூலி, அதுவும் இழப்பீட்டில் பங்கு என்ற ஒப்பந்தத்தை 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு தடை செய்கிறது. வழக்கறிஞரே செய்யக் கூடாத ஒன்றை வழக்கறிஞர் அல்லாத ஒருவர் செய்கிறார் என்றால் உங்கள் அசல் ஆவணங்கள் அவர் கையில் பிணையாகிவிடும். ஈப்போவில் மருத்துவ வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்: பதிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல எவ்வளவு, நிபுணர் அறிக்கைக்கு எவ்வளவு, வழக்குக்கு எவ்வளவு. முதல் இரண்டை மட்டும் கட்டி, கருத்து பாதகமாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவிலும் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

இழப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த ஆள் காதில் லட்சங்களை ஓதியிருப்பார். எதிர்கால வருமான இழப்புக்குச் சட்டத்திலேயே கணக்கு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பாதிப்பு நடந்தபோது 31 முதல் 59 வயதுக்குள் இருந்தவருக்கு 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 46 என்றால் 7 ஆண்டு. மாதம் 1,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பாதித்ததாகச் சம்பளச் சீட்டு காட்டினால், 1,900 பெருக்கல் 12 பெருக்கல் 7, அதாவது 1,59,600 வெள்ளி. நீதிமன்றம் இதிலிருந்து கழிப்பதும் இருக்கலாம். தொடக்கக் கணக்கு இதுதான். வலி வேதனைக்கும், நீங்கள் வேலையை விட்டு அவரைப் பார்த்துக்கொள்வதற்கும், வருங்காலப் பராமரிப்புக்கும் தனித்தனியே கேட்கலாம். இதுவரை ஆன செலவுக்கு ரசீது வேண்டும். ஈப்போவுக்குப் போய்வந்த வாடகைக் கார் காசைக்கூட எழுதிவையுங்கள். மொத்தம் பத்து லட்சம் வெள்ளிக்குள் என்றால் செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

வழக்கு வருடக்கணக்கில் போகும். அடுப்பு எரிய வேண்டியது இன்றைக்கு. அவர் பெயரில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்திருப்பார்களே, வேலை செய்ய முடியாதவர்களுக்கான இலாட் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். யார் தவறு என்று அதற்கு நிரூபிக்க வேண்டியதில்லை; வேலை செய்ய முடியாத நிலை என்று மருத்துவக் குழு சான்று சொல்ல வேண்டும், சந்தாவும் போதிய மாதம் கட்டியிருக்க வேண்டும். ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. எந்நேரமும் ஒருவர் துணை வேண்டிய நிலை என்று குழு சொன்னால் மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படியும் உண்டு. சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும் பதியுங்கள். இவற்றை வாங்கினால் மருத்துவர் மீது வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை. அது மருத்துவரின் நடத்தையை விசாரிக்கும், உங்களுக்குப் பணம் தராது. அதை வழக்குப் பதிவுக்குப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. லித்தியம் சாப்பிடும் யாரும் இந்தக் கதையைக் கேட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று புத்தகத்தைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் அடுத்த முறை நீங்களே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் 'சாயா மாக்கான் லித்தியம்' (நான் லித்தியம் சாப்பிடுகிறேன்) என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முட்டி வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

அம்மா, உங்கள் கணவருக்கு லித்தியம் நின்றுவிட்டாலும் இருமுனை மனநோய் நிற்கவில்லை. கோபத்தில் மனநலச் சிகிச்சையைக் கைவிட்டுவிடாதீர்கள். வழக்குப் போட்டதால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை போகாது. அதே மருத்துவரிடம் போக மனம் ஒப்பவில்லை என்றால் வேறு மருத்துவமனைக்கு மாற்றுக் கடிதம் கேளுங்கள். நடைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை காலை மருந்துப் புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசிச் சீட்டுத் தேதியைப் பாருங்கள். அதோடு 36 மாதத்தைக் கூட்டி வரும் நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பாகவே வழக்கு பதிவாகியிருக்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.